இரண்டு இரண்டாகத் தெரிந்தால்: பிரிஸம் கண்ணாடிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை புரசைவாக்கம் நிறுத்தத்தில் 29சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவசரத்துக்கு ஒன்றுகூட வராத வண்டி, அன்றைக்கு இரண்டாக வந்தது. ஒட்டி ஒட்டி, ஒரே வேகத்தில், இரண்டிலும் அதே டிரைவர். கண்ணைக் கசக்கினேன், மாறவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்தியதும் வலப்பக்கத்து பஸ் காணாமல் போயிற்று. கையை எடுத்தால் திரும்பவும் இரண்டு. அப்போது எனக்கு வயது 56, சர்க்கரை வந்து 12 வருடம். கண்ணைக் காதுப் பக்கம் இழுக்கும் தசைக்குப் போகிற ஆறாவது நரம்பு சுணங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

இப்படி இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்கக் கண்ணாடியில் பிரிஸம் போடுவார்கள், அதாவது ஒரு பக்கம் தடித்து ஒளியை வளைக்கும் லென்ஸ். அடுத்த ஏழெட்டு மாதத்தில் ஒட்டுகிற பிரிஸம், லென்ஸிலேயே அரைத்த பிரிஸம், தப்பாக அரைத்த பிரிஸம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது தெரிந்தவர் யாருக்காவது இந்தத் தொந்தரவு வந்தால் என்னைக் கூப்பிட்டு, "பிரிஸம் கண்ணாடி எந்தக் கடையில் நன்றாகச் செய்வார்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடைக்குப் போவது இந்த வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி வேலை. பிரிஸம் கண்ணைத் திருப்பி நேராக வைக்காது, படத்தை மட்டும் நகர்த்தும். கண் ஏன் விலகியது, எவ்வளவு விலகியது, அந்த விலகல் ஓரிடத்தில் நின்றுவிட்டதா என்ற மூன்றும் தெரியாமல் செய்கிற கண்ணாடி வீண் செலவு.

படி 1: ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். வலது கண்ணை மூடுங்கள், பிறகு இடது கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை போய் ஒற்றையாகிவிட்டால், இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். பிரிஸம் உதவக்கூடியது இந்த வகைக்குத்தான்.

ஒரு கண்ணை மூடியும் மற்றதில் நிழல் போல இரண்டாவது உருவம் தெரிந்தால் கோளாறு அந்த ஒரு கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. புரை, கண் வறட்சி, சிலிண்டர் பவர் சரியில்லாதது, கருவிழி கூம்பிப் போவது என்று காரணம் பல. இதற்கு எவ்வளவு பிரிஸம் போட்டாலும் இரண்டு உருவமும் சேர்ந்தே நகரும்.

படி 2: இது அவசரமா என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இரட்டைப் பார்வை திடீரென்று வந்து, கூடவே கண் இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் புடைத்து, கண்ணை அசைக்கும் இன்னொரு நரம்பான மூன்றாவது நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, தலையில் அடிபட்ட பிறகு வந்த இரட்டை, இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். 50 வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் வலியும், மென்றால் தாடை வலியும் சேர்ந்து வந்தால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், புதிதாக வந்த இரட்டைப் பார்வையை ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். வண்டி ஓட்டவும் வேண்டாம். டூவீலரைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். எந்த ஆட்டோ நிஜ ஆட்டோ என்று யோசிக்க நம் ஊர் ரோட்டில் நேரம் கிடைக்காது.

படி 3: டாக்டரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

எனக்கு மிகவும் உதவியது இந்தத் தாள்தான். உருவங்கள் பக்கவாட்டில் பிரிகின்றனவா, மேலும் கீழுமா, அல்லது ஒன்று சாய்ந்து தெரிகிறதா? தூரத்தில் அதிகமா, படிக்கும்போது அதிகமா? எந்தப் பக்கம் திரும்பினால் இடைவெளி கூடுகிறது? காலையிலா, மாலையிலா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருக்கிறது.

பக்கவாட்டு இரட்டை தூரத்தில் அதிகமாகி, ஒரு பக்கம் திரும்பும்போது இன்னும் கூடினால் ஆறாவது நரம்பைச் சந்தேகிப்பார்கள். மேலும் கீழுமாகப் பிரிந்து, மாடிப்படி இறங்கும்போதும் படிக்கும்போதும் மோசமானால் நான்காவது நரம்பு. படிக்கும்போது மட்டும் எழுத்து பிரிந்தால், இரண்டு கண்களும் மூக்குப் பக்கம் குவிகிற திறன் குறைவாக இருக்கலாம். காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கி இரட்டையாகிறது என்றால் மயஸ்தீனியா என்கிற தசைச் சோர்வு நோயா என்று பார்ப்பார்கள். காலையில் எழுந்ததும் கண் வீங்கி இரட்டை அதிகமாக இருந்தால் தைராய்டு. டிவி, பஸ் போர்டு போன்ற தூரத்துப் பொருள் மட்டும் பிரிந்து, பேப்பர் படிப்பதில் சிக்கலே இல்லை என்று சொல்லும் 70 வயதுக்காரர்களுக்கு, கண் தசைகளைப் பிடித்துவைக்கும் திசு வயதால் தளர்ந்திருப்பது ஒரு சாதாரணக் காரணம். பிரிஸத்தால் நல்ல பலன் காண்பவர்களில் இவர்களும் உண்டு.

ஒரு கண்ணை மூடும்போது எந்தப் பக்கத்து உருவம் மறைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வலது கண்ணை மூடி வலப்பக்கத்து உருவம் மறைந்தால் கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இடப்பக்கத்து உருவம் மறைந்தால் காதுப் பக்கம்.

பழைய போட்டோக்களையும் எடுத்துப் போங்கள். கல்யாண ஆல்பத்திலேயே தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால், நான்காவது நரம்பின் பலவீனம் பிறப்பிலிருந்தே இருந்து, இத்தனை நாள் மூளை சமாளித்து, இப்போது முடியாமல் விட்டிருக்கலாம். அந்த ஒரு போட்டோ டாக்டரின் யோசனையையே வேறு பக்கம் திருப்பிவிடும்.

படி 4: எங்கே போவது

கேட்க வேண்டிய பிரிவு இரண்டு: மாறுகண் பிரிவு, இல்லையென்றால் நரம்பு சார்ந்த கண் மருத்துவப் பிரிவு. மாறுகண் பிரிவு பெரும்பாலும் குழந்தைகள் பிரிவோடு சேர்ந்திருக்கும். வரிசை நிறையப் பிள்ளைகள், நடுவில் நரைத்த தலையோடு நாம். கூச்சப்பட வேண்டாம், சரியான இடம் அதுதான்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று அது, நம்மூர்க்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் 1978 முதல் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் இப்போது போடும் கண்ணாடி, மருந்துச் சீட்டு, சமீபத்திய சர்க்கரை, பி.பி. அளவு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு போடுவதற்கு முன்னாலேயே விலகலை அளந்துவிட்டார்களா என்று கேளுங்கள். சொட்டு போட்ட பிறகு கிட்டப்பார்வை மங்கிவிடும், அந்த அளவை நம்ப முடியாது.

படி 5: அளவு என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

பள்ளிக்கூடத்தில் முப்பட்டகம் என்று படித்தோமே, அதேதான் இது. ஒளி அதன் தடித்த பக்கம் நோக்கி வளையும், நமக்குத் தெரியும் உருவமோ மெல்லிய முனைப் பக்கம் நகரும். தடித்த பக்கத்துக்கு பேஸ் என்று பெயர்.

இதன் அளவு பிரிஸம் டையாப்டர். சார்லஸ் பிரெண்டிஸ் என்பவர் 1890-ல் முன்வைத்த அலகு. 1 மீட்டர் தூரத்தில் உருவத்தை 1 செ.மீ. நகர்த்தினால் அது 1 பிரிஸம் டையாப்டர். ஆக, 8 என்று சீட்டில் இருந்தால், 10 மீட்டர் தள்ளி வரும் பஸ்ஸின் இரண்டு உருவங்களுக்கும் நடுவே 80 செ.மீ. இடைவெளி. சாதாரணப் பவரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பவர் ஒன்று மாறினால் மங்கல் மாறும், பிரிஸம் ஒன்று மாறினால் இடம் மாறும்.

திசைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. கண் மூக்குப் பக்கம் சாய்ந்தால் லென்ஸின் தடித்த பக்கம் காதை நோக்கி, அதாவது பேஸ் அவுட். கண் காதுப் பக்கம் சாய்ந்தால் தடித்த பக்கம் மூக்கை நோக்கி, பேஸ் இன். ஒரு கண் மேலே போயிருந்தால் அந்தக் கண்ணுக்கு பேஸ் டவுன், அல்லது மற்றக் கண்ணுக்கு பேஸ் அப், அல்லது இரண்டுக்கும் பாதிப் பாதி.

அளக்கும்போது ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடித் திறந்து, படிக்கட்டு போலப் பிரிஸங்கள் அடுக்கிய ஒரு கோலைக் கண்ணுக்கு முன்னால் ஏற்றி இறக்குவார்கள். சிவப்புக் கோடிட்ட கண்ணாடி வழியாக விளக்கைப் பார்க்கச் சொல்வார்கள், கோடு விளக்கின் மேலே ஓடுகிறதா, தள்ளி ஓடுகிறதா என்று கேட்பார்கள். எங்கே தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். நான் முதல் தடவை, கோடு விளக்கின் மேல் ஓடுவதுதான் சரியான பதில் போல என்று நினைத்துக்கொண்டு, தள்ளி இருந்ததைச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பரீட்சை பயம்! அளவு மொத்தமும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

படி 6: காத்திருக்கும் காலத்துக்கு ஏற்பாடு

சர்க்கரை, பி.பி. காரணமாக வந்த ஆறாவது நரம்புச் சுணக்கம் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் தானாகக் குறையும். தைராய்டில் அளவு மாதத்துக்கு மாதம் மாறும். மயஸ்தீனியாவில் ஒரே நாளிலேயே மாறும், அதற்கு மருந்துதான் முக்கியம், பிரிஸம் சரிப்படுவது அபூர்வம். அளவு ஓடிக்கொண்டிருக்கும்போது நிரந்தர லென்ஸ் செய்தால் அடுத்த மாதமே அது உதவாது.

அதுவரைக்கும் இரண்டு வழி. முதலாவது எல்லாவற்றிலும் மலிவு: மெடிக்கல் ஷாப்பில் விற்கும் மைக்ரோபோர் பேப்பர் டேப்பைக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒட்டுவது. ஒரு கண் மறைந்தால் இரட்டை போய்விடும். பெரியவர்களுக்கு இதனால் அந்தக் கண் சோம்பேறியாகிவிடாது. பார்க்க நன்றாக இருக்காது, தூரக் கணிப்பு போய்விடும், ஆனால் அன்றைக்கே வேலை செய்யும்.

இரண்டாவது, ஃப்ரெனல் பிரிஸம். ஃப்ரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களில், கலங்கரை விளக்கத்துக்குக் கனமான கண்ணாடி வேண்டாம், அதை மெல்லிய வளையங்களாக நறுக்கி அடுக்கினால் போதும் என்று கண்டுபிடித்தார். அதே யுக்தியில், ஒரு பெரிய பிரிஸத்தைச் சின்னச் சின்ன வரிகளாக நறுக்கி ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் தகட்டில் வைத்ததுதான் இது. 40 பிரிஸம் டையாப்டர் வரை கிடைக்கிறது. மெரினா கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் இப்போது ஒரு தனி மரியாதை வருகிறது.

இதை முதல் தடவை, கண் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் கையால் ஒட்டிக்கொள்வதே நல்லது, திசை தவறினால் எல்லாம் தவறு. வீட்டில் கழன்று வந்தால் திரும்ப ஒட்டலாம். கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவுங்கள். லென்ஸின் உட்பக்கம், அதாவது கண்ணைப் பார்க்கும் பக்கம், தண்ணீரால் நனைந்திருக்க வேண்டும். தகட்டின் வழவழப்பான பக்கம் லென்ஸோடு சேரும், வரி உள்ள பக்கம் கண்ணைப் பார்க்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்தி நீர்க்குமிழியை வெளியேற்றி, சில மணி நேரம் காய விடுங்கள். கழற்றும் முன்பே எந்த ஓரம் காதுப் பக்கம் என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வரிக்குள் அழுக்கு சேரும், மெல்லிய பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

இதில் குறையும் உண்டு. வரிகள் தெரியும், வெளிச்சம் சிதறும், அளவு கூடக்கூட அந்தக் கண்ணில் எழுத்துப் பலகையில் ஒன்றிரண்டு வரி குறைவாகத் தெரியும். எனக்கு முதலில் வலது கண்ணில் 20 ஒட்டினார்கள். வீட்டில் என் மனைவி, "என்னங்க, கண்ணாடியில கோடு கோடா கீறல் விழுந்திருக்கு" என்று துடைக்கவே ஆரம்பித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அளந்தால் இருபது தேவைப்படவில்லை, 12 போதுமாக இருந்தது. பழையதை உரித்துவிட்டுப் புதிது ஒட்டினார்கள். அரைத்த லென்ஸ் என்றால் இந்த மாற்றத்துக்கு ஒரு புதுக் கண்ணாடியே செய்திருக்க வேண்டும். தூரத்தில் மட்டும் இரட்டை உள்ளவர்களுக்கு, பைஃபோகலின் மேல் பாதியில் மட்டும் வெட்டி ஒட்டுவதும் உண்டு.

படி 7: வாங்கும் முன் நடந்து பாருங்கள்

அளவு சில மாதங்களாக மாறாமல் நின்ற பிறகுதான் நிரந்தரக் கண்ணாடி. தைராய்டு என்றால் ஏறக்குறைய ஆறு மாதமாவது நிலைத்திருக்க வேண்டும். அளந்த முழு விலகலையும் லென்ஸில் போட வேண்டியதில்லை. இரண்டு உருவத்தையும் சேர்க்கும் சக்தி மூளைக்குக் கொஞ்சம் உண்டு. எந்தக் குறைந்த அளவில் ஒற்றையாக, சிரமமில்லாமல் தெரிகிறதோ அதுவே நல்ல அளவு.

இதைக் கண்டுபிடிக்க, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் அந்தக் கனமான டிரயல் ஃபிரேமைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதாது. எழுந்து வராந்தாவில் நடங்கள். படி ஏறி இறங்குங்கள். செல்போனைப் படியுங்கள், ஜன்னல் வழியே தூரத்து போர்டைப் பாருங்கள், கழுத்தைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் பாருங்கள். 20 நிமிடமாவது வேண்டும். சிலருக்குப் பிரிஸம் போட்டதும் விலகல் இன்னும் கொஞ்சம் வெளியே வரும், முதல் ஐந்து நிமிடத்தில் அது தெரியாது. அவசரப்படுத்தினால், "சார், இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்துக்கிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

நேராகவும் கீழேயும் பார்க்கும்போது ஒற்றையாக இருந்தால் வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாம். நாம் அதிகம் பயன்படுத்துவது அந்த இரண்டு திசைகளைத்தான். நரம்பு பலவீனமான பக்கம் கண்ணை ஓட்டினால் இரட்டை வரலாம், அதற்குத் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே பிரிஸத்தால் எல்லாத் திசைக்கும் ஈடுகட்ட முடியாது. உருவம் சாய்ந்து தெரிவதையும் பிரிஸம் நேராக்காது.

படி 8: கடையில்

அரைத்த லென்ஸில் ஒரு கண்ணுக்கு 5, 6 வரை சுமாரான தடிமனில் வரும். அதற்கு மேல் போனால் கனம், ஓரத்தில் தடிமன், டியூப்லைட் விளிம்பில் நீலம் மஞ்சள் நிறக் கோடு. அதனால்தான் மொத்த அளவை இரண்டு கண்ணுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். எனக்குக் கடைசியில் தேவைப்பட்டது 6, இரண்டு பக்கமும் மூன்று மூன்று, பேஸ் அவுட்.

ஃபிரேம் சின்னதாக, முழு விளிம்போடு இருக்கட்டும். மைனஸ் பவர் லென்ஸ் ஏற்கெனவே ஓரத்தில் தடிமன், அதில் பேஸ் அவுட்டும் சேர்ந்தால் காதுப் பக்கம் பாட்டில் அடிப்பாகம் மாதிரி ஆகிவிடும். ரிம்லெஸ் ஆசையை விட்டுவிடுங்கள். பாலிகார்பனேட் மெலிதுதான், உடையாது, ஆனால் நிறச் சிதறல் அதில் கூடுதல். சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸ் அந்த விஷயத்தில் மேல். எதிரொளிப்பைத் தடுக்கும் ஏ.ஆர். கோட்டிங் போட்டுக்கொள்ளுங்கள், லென்ஸுக்குள் எதிரொளிக்கும் போலி உருவங்கள் குறையும். பிரிஸம் கண்ணாடியை ஆன்லைனில் ஆர்டர் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். லென்ஸின் மையம் பாப்பாவுக்கு நேராக இல்லாவிட்டால் அதுவே வேண்டாத பிரிஸம் ஆகிவிடும். பவர் 10 உள்ள லென்ஸ் 2 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் 2 பிரிஸம் டையாப்டர் சும்மா வந்து சேரும்.

இனி, என் கண்ணாடிக் கதை. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலிருந்து வெளியே வந்தேன். எதிர் போர்டு இரண்டாகவே இருந்தது, போதாக்குறைக்கு எல்லாமே கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்த மாதிரி. "பழகிடும் சார், ஒரு வாரம் போடுங்க" என்றார்கள். ஒரு வாரம் தலைவலியோடு போட்டேன். பிறகு மருத்துவமனையில், லென்ஸின் அளவைக் காட்டும் லென்ஸோமீட்டர் கருவியில் வைத்துப் பார்த்த பெண் சிரித்துவிட்டார். இரண்டு லென்ஸிலும் தடித்த பக்கம் வலது புறமாகவே இருந்தது. வலது லென்ஸுக்கு அது காதுப் பக்கம், சரி. இடது லென்ஸுக்கு அது மூக்குப் பக்கம், தப்பு. மூன்றும் மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன, உலகம் மட்டும் இடப்பக்கம் தள்ளிப் போயிற்று.

ஆகவே பணம் கட்டும் முன் லென்ஸோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், சீட்டில் இருக்கும் அளவும் பேஸ் திசையும் ஒத்துப்போகிறதா என்று கூடவே நின்று பாருங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து, நடுவில் கோடு இல்லாமல் வரும் புரோகிரசிவ் லென்ஸ் என்றால் இரண்டிலும் ஒரே அளவு பேஸ் டவுன் காட்டலாம். அது தடிமன் குறைக்க ஆய்வகம் போடுவது, பயப்பட வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

படி 9: முதல் இரண்டு வாரம்

தரை சரிவாகத் தெரியலாம், கதவு நிலை வளைந்து தெரியலாம், படி இருக்கும் இடத்தில் கால் வைத்தால் சற்று முன்னதாகவே தட்டலாம். வீட்டுக்குள் ஆரம்பித்து, பிறகு தெருமுனை வரை, பிறகு பஸ் என்று போங்கள். பழைய கண்ணாடியையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழகுவது தள்ளிக்கொண்டே போகும். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தலைவலியோ இரட்டையோ இருந்தால் அது பழக்கக் குறை இல்லை, அளவையோ லென்ஸையோ சரிபார்க்க வேண்டும். ஒற்றையாகத் தெரிகிறது என்று டாக்டர் உறுதி செய்யும் வரை வண்டிச் சாவி வீட்டிலேயே இருக்கட்டும்.

படி 10: பிறகு

விலகல் பெரிதாக இருந்தாலோ, திசைக்குத் திசை மிகவும் மாறினாலோ, கனமான லென்ஸ் ஒத்துக்கொள்ளாவிட்டாலோ கண் தசை அறுவை சிகிச்சை உண்டு, சிலருக்கு போடாக்ஸ் ஊசியும் உண்டு. அறுவைக்குப் பிறகு மிச்சமிருக்கும் சின்ன விலகலுக்குத் திரும்பவும் பிரிஸம் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

நிலைத்துவிட்ட அளவும் வருடக்கணக்கில் மெல்ல மாறலாம். இரட்டை திடீரென்று கூடினால் லென்ஸைக் குறை சொல்லாமல் படி 2-க்குத் திரும்பிப் போங்கள். சீட்டை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பவர் பார்க்கும் கம்ப்யூட்டர் மிஷின் பிரிஸத்தைச் சொல்லாது, அடுத்த தடவை கண்ணாடி மாற்றும்போது அது சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். பழைய கண்ணாடியையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த செக்கப்புக்குப் பையில் போட்டுக்கொண்டு போனால், அதில் என்ன பிரிஸம் இருந்தது என்று லென்ஸோமீட்டர் சொல்லிவிடும்.